தாயகம் திரும்பியோர்: ஒரு சொல்லும் சில நூல்களும்

நீலகிரி மாவட்டத்தில், மாயாற்றின் கரையில், முதுமலைக் காட்டின் நடுவே அமைந்த சிற்றூர் தெப்பக்காடு. மைசூரிலிருந்து வரும் பெருவழி இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மசினகுடி வழியாக உதகைக்கு ஏறும். மற்றொன்று கூடலூருக்குச் செல்லும். இங்குள்ள யானை முகாமை உலகறியச் செய்தது 2022ஆம் ஆண்டில் வெளியான 'தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்' என்னும் ஆவணப்படம். 2023 மார்ச்சில் அது ஆஸ்கர் பரிசு பெற்றது. தாயை இழந்த யானைக் கன்றுகளைப் பேணி வளர்த்த காட்டுநாயக்கர் குடியைச் சேர்ந்த பொம்மனும் பெள்ளியும் அதன் நாயகர்கள். அதே ஆண்டில் பெள்ளி அம்மையார் அம்முகாமில் காவடியாக அரசுப் பணியில் அமர்த்தப்பட்டார். மகிழத்தக்க செய்திதான்.

படம் நல்ல படம். எனினும் அதைக் கண்டு முடித்தபோது நம் உள்ளத்தில் ஒரு வினா எஞ்சி நின்றது. யானைக்கும் மனிதனுக்கும் உள்ள அன்பை அத்துணை நுட்பமாகக் காட்டிய அப்படம், அம்மனிதன் நிற்கும் நிலம் யாருடையது என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. அது அதன் நோக்கமன்று என்பர், ஒப்புக்கொள்வோம். ஆனால் இந்நாட்டின் மூத்த குடிகளான காட்டுநாயக்கரும் குறும்பரும் தாம் பிறந்த காட்டில் வாழும் உரிமையை எழுத்தில் பெற 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அச்சட்டம் வந்த மறு ஆண்டே முதுமலை புலிகள் காப்பகமாயிற்று. பிறப்பால் குடிமக்கள், ஐயமற்ற குடிமக்கள். அவர்கள் நிலையே இதுவாயின், கடல் கடந்து வந்து தாளில் குடிமக்களானவர் நிலை என்ன?

இவ்வினா வெறும் தர்க்கமாக நம்முள் எழுந்ததன்று. தெப்பக்காட்டில் யானைகளுக்கு உணவூட்டும் காட்சியைக் கண்டு திரும்பி, கூடலூர்ப் பேருந்துக்காக நின்றிருந்தபோது அருகில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். மசினகுடியில் மகள் வீட்டுக்குச் சென்று, பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டத்துக்குத் திரும்புகிறவர். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதனுள் காகிதங்கள். பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க மறுநாள் ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டுமாம். நம் தொப்பியைப் பார்த்து, "பாய், இதக் கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்க" என்று ஒன்றை எடுத்து நீட்டினார். மங்கிப்போன குடும்பப் புகைப்படம் ஒட்டிய பழைய குடும்ப அட்டை. கண்டியிலிருந்த இந்தியத் தூதரகப் பிரிவு கொடுத்தது. அவர் பிறந்தது அட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்தில்; தந்தை பிறந்ததும் அங்கேதான். பாட்டனாருடைய ஊர் முசிறிப் பக்கம்.

"அங்கயிருக்கையில எங்கள இந்தியாக்காரன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரின்னு சொல்றாங்க. பேரு வைக்கத்தான் ரெண்டு கவருமெண்டும் இருக்கு, பாய்" என்றார் அவர்.

இக்கூற்றின் முதல் இரு வாக்கியங்களையும் நாம் எத்தனையோ கதைகளிலும் கவிதைகளிலும் கட்டுரைகளிலும் படித்திருக்கிறோம். மூன்றாவது வாக்கியத்தை எங்கும் படித்ததில்லை. நமது திறனாய்வு இங்கேதான் தொடங்குகிறது.

பெயர் வைத்த கதையை முதலில் பார்ப்போம். 1948இல் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்பது போன்ற சான்றுகளை வம்சாவளிக் குடியுரிமைக்கு நிபந்தனையாக்கியது. பிறப்புப் பதிவென்பதையே அரிதாகக் கண்ட லயங்களில் அச்சான்றுக்கு எங்கே போவது? 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்தது. அதே ஆண்டில் வந்த தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பறித்தது. 1947 தேர்தலில் தலவாக்கொல்லையின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சி. வி. வேலுப்பிள்ளை, அவரைத் தேர்ந்தெடுத்த மக்கள் அடுத்த தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இல்லை.

பின்னர் 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றவர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென்று ஒத்திவைத்தார்கள். 1974இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாய், 75,000 வீதம் பகிர்ந்துகொண்டார்கள். ஏழு பேர் இங்கே, நான்கு பேர் அங்கே என்பது விகிதம். சொத்துப் பிரிக்கும்போதுகூட நம் ஊர்களில் பங்காளிகளைக் கூப்பிட்டு வைத்துப் பேசுவார்கள். இங்கே பிரிக்கப்பட்டவர்களை யாரும் கூப்பிடவில்லை. இத்தொகையில் இந்தியக் குடியுரிமையுடன் வந்து சேர்ந்தவர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கிப் பின் பல மாவட்டங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கென 1968இல் நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே பின்னர் 'டான்டீ' நிறுவனமாயிற்று. 1969இல் அவர்களுக்கும் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்குமாக ஒரு கூட்டுறவு வங்கியும் அமைந்தது. அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறவில்லை.

அரசு அவர்களுக்கு இட்ட பெயர் 'தாயகம் திரும்பியோர்'. எவ்வளவு இனிய சொற்றொடர்! தாய் என்னும் சொல் அதிலுண்டு. அகம் என்னும் சொல்லும் உண்டு. ஆனால் ஒருவர் திரும்ப வேண்டுமாயின் முன்னம் அங்கிருந்து புறப்பட்டிருக்க வேண்டுமன்றோ? அட்டனில் பிறந்து, அட்டனில் பிறந்த தந்தைக்கு மகளாய், முசிறியைக் கனவிலும் காணாத பெண் எவ்வாறு திரும்பியவளாவாள்? அவளை உள்ளபடியே குடியேறியவள் என்று சொல்லியிருந்தால் புதிதாய் வந்தவளுக்குரிய பொறுமையும் உதவியும் ஊராரிடமிருந்து கிடைத்திருக்கக் கூடும். திரும்பியவள் என்று சொன்னதால் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். தெரியாதபோது சிலோன்காரி என்றார்கள்.

இச்சொல்லைத் தமிழிலக்கியம் சோதித்துப் பார்த்ததா? இல்லையென்றே சொல்லத் தோன்றுகிறது. போனதை நாம் நன்றாக எழுதினோம். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935இலேயே மருதியைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டது. பஞ்சமும் கங்காணியும் நோயும் அதில் கண்ணுக்கு முன் நிற்கின்றன. இத்துறையில் தமிழக எழுத்தின் உச்சம் இன்றும் அதுவே என்பது நமது கணிப்பு. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1964இல் வெளிவந்தது. தமிழகக் கிராமத்தவர் இலங்கைத் தோட்டங்களை நம்பிப் போன வரலாற்றுக்கு அத்தலைப்பு எவ்வளவு பொருந்துகிறது! தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது பழமொழி. ஆயின் அந்நூல் வாசகர் கைக்கு வரும்போதே பழமொழி திசை மாறிவிட்டது. கண்டிச் சீமை பச்சையாகத் தெரிந்த காலம் போய், இந்தியா பச்சையாகத் தெரியும் காலம் வந்துவிட்டது. அந்த இரண்டாவது தூரத்துப் பச்சைக்கு எழுதப்பட்ட நாவல்கள் நாம் அறிந்த அளவில் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. அவற்றுள்ளும் 'துன்பக்கேணி'யின் பக்கத்தில் வைத்துப் படிக்கத்தக்க ஒன்றை நாம் இன்னும் காணவில்லை.

மலையகத்துக்குள்ளிருந்து எழுதியவர்கள் இன்னும் கூர்மையானவர்கள். சி. வி. வேலுப்பிள்ளையின் நூற்பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: 'வீடற்றவன்', 'நாடற்றவர் கதை'. 'அற்ற' என்னும் அந்தச் சிறு சொல் அவர் எழுத்தின் அச்சாணி எனலாம். அது சட்டத்தின் சொல்லும் ஆகும். 'நாடற்றவர்' என்பது வழக்குமன்றச் சொல். சட்டம் நாடற்றவர் என்ற முத்திரையை மற்றொரு முத்திரையால் அழித்துவிட முடியும். வீடற்றவன் என்பதை அவ்வாறு அழிக்க முடியாது. வேலுப்பிள்ளை இரண்டையும் தனித்தனி நூலாக்கினார். இந்த வேறுபாட்டை அவர் உணர்ந்திருந்தார் என்றே நாம் கொள்கிறோம். அவர் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்ததும் இதே உணர்வால்தான். தாள் இல்லாதவர்களிடம் பாட்டு இருந்தது.

தெளிவத்தை ஜோசப் தம் சிறுகதைத் தொகுப்புக்கு இட்ட பெயர் 'நாமிருக்கும் நாடே'. 1979இல் வந்த அந்நூலின் தலைப்பு பாரதியை நினைவூட்டும். ஆயின் பாரதி நிமிர்ந்து நின்று சொன்னதை ஜோசப் வினாக்குறியின் நிழலில் சொல்கிறார். நாம் இருக்கும் நாடு நமது என்பது பாரதிக்கு ஐயத்துக்கு இடமற்ற செய்தி. அடுத்த கப்பலில் பெயர் வருமா, வராதா என்று காத்திருந்தவனுக்கு இருத்தலும் உரிமையும் இரு வேறு செய்திகள். உரத்துப் பேசாமை ஜோசப்பின் பலம். அவர் 2022இல் மறையும்வரை அந்தக் குரலை உயர்த்தவேயில்லை.

அவ்வாறாயின் குறை எங்கே? கப்பலேறுவதுடன் கதை முடிந்துவிடுகிறது என்பதே குறை. மலையக எழுத்தாளர் தம் கரையில் நின்று கையசைத்துவிடுகிறார். அது அவருக்கு இயல்பு, பழியில்லை. தமிழக எழுத்தாளரோ இக்கரையில் வரவேற்க வரவில்லை. நீலகிரியையே எடுத்துக்கொள்வோம். படகர் வாழ்வைக் 'குறிஞ்சித்தே'னில் இராஜம் கிருஷ்ணன் எழுதினார். ஆனைமலைத் தோட்டங்களின் கொடுமையை மருத்துவர் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுத, 'எரியும் பனிக்காடு' என இரா. முருகவேள் தமிழாக்கினார், அது திரைப்படத்துக்கும் வித்தாயிற்று. ஆனால் அட்டனிலிருந்து கூடலூர் வந்த குடும்பத்துக்கு அவ்வாறு ஒரு நூல் வாய்க்கவில்லை. வந்து சேர்ந்துவிட்டார்கள், குடியுரிமையும் கிடைத்துவிட்டது, இனி என்ன கதை இருக்கிறது என்று எண்ணிவிட்டோம் போலும்.

கதை இருக்கிறது. பேருந்து வராத அந்த முக்கால் மணி நேரத்தில் அம்மூதாட்டி சொன்னதில் நாம் படிக்காத நாவல் ஒன்று இருந்தது. இந்தியா வந்த ஆண்டிலேயே அவருடைய தந்தை பாட்டனார் ஊரைத் தேடிச் சென்றாராம். பாட்டனாரின் தம்பி மக்கள் வரவேற்றுத் திண்ணையில் இலை போட்டுச் சோறிட்டார்கள். இரண்டு நாள் நல்ல உபசாரம். மூன்றாம் நாள், "எப்ப ஊருக்குக் கெளம்புறீங்க?" என்று கேட்டார்களாம். பங்கு கேட்க வந்திருப்பார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு. அவர்களும் ஏழைகளே, அரை ஏக்கர் மானாவாரி. குற்றம் சொல்வதற்கில்லை. "எங்கப்பாவுக்கு எந்த ஊரச் சொல்றாங்கன்னு வெளங்கல" என்றார் மூதாட்டி. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இனிக் கூடலூரின் நிலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டு அங்கே குடியுரிமை பற்றிப் பேசுவது வீண். கூடலூர், பந்தலூர்ப் பகுதிகள் ஒருகாலத்தில் நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலங்கள். 1969இன் ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் அடங்கிய நிலங்களில் பட்டா என்பது பல்லாயிரம் குடும்பங்களுக்கு எட்டாக்கனி. தாயகம் திரும்பியோர் பலரும் அந்நிலங்களில் குடிசை போட்டவர்களே. இதன்மேல், கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு கூடலூர்க் காடுகள் அழிவது பற்றி 1995இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 12ஆம் நாள் ஆணையில், காடு என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருளையே கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் கூறிற்று. காட்டைக் காக்க வந்த அவ்வாணையின் நன்மையை நாம் மறுக்கவில்லை. காட்டுக்கு அகராதியில் பொருள் தேடிய நாடு 'தாயகம்' என்ற சொல்லுக்கும் ஒருமுறை அகராதியைப் புரட்டியிருக்கலாமே என்பதுதான் நமது ஏக்கம். தோட்டத்து லயமோ வேலையுள்ளவரைதான் வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். 2022இல் டான்டீயின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பியளிப்பதென்று முடிவு செய்யப்பட்டபோது அங்குள்ளோர் கலங்கியதன் காரணம் இதுவே. கையில் வாக்காளர் அட்டை உண்டு. அதில் எழுதிய முகவரி எவ்வளவு காலம் தம்முடையதென்று தெரியாது.

இது யாரோ சிலருடைய துயரம் என்று நம் வாசகர்கள் கருதிவிட வேண்டாம். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலிய ஊர்களில் கொழும்புத் தெருக்களின் பெயரைப் பள்ளிவாசல் வழிபோல் ஒப்பிக்கும் முதியவர்கள் இன்றும் உண்டு. 'டி.ஆர்.பி.' என்ற மூன்றெழுத்து எந்தெந்த வீட்டில் கடையை மூட வைத்தது என்பதையும் அவர்கள் சொல்வார்கள். நமக்கு இலங்கைக் குடிக்கணக்கு இட்ட பெயர் 'இந்தியச் சோனகர்'. சோனகர் யார் என்னும் வழக்குக்கு ஒரு முன்கதையும் உண்டு. சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் ஓர் ஆய்வுரை படித்தார். அன்று, எங்கள் மூதாதையர் அரபியர் என்று 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் நூலாகவே மறுத்தெழுதினார். இருவரும் அறிஞர்கள், இருவரும் இனத்தைப் பற்றியே பேசினார்கள். ஆனால் வழக்கின் அடியில் கிடந்தது சட்டசபையில் யாருக்குத் தனி இடம் என்னும் கேள்வி. 1911இன் குடிக்கணக்கில் தமிழர் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரண்டானார்கள், சோனகரும் அவ்வாறே. கணக்கெடுப்பவன் போட்ட அந்தக் கோட்டின்மேல் முப்பத்தேழு ஆண்டு கழித்து ஒரு சட்டம் வேலி நட்டது. நம் பாட்டன்மாரும் தோட்டத் தொழிலாளரும் அந்த வேலிக்கு ஒரே புறத்தில் நின்றவர்களே. நாம் திரும்பி வர ஊரும் வீடும் பள்ளிவாசலும் இருந்தன, அவர்களுக்கு இல்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

அந்த வேலி பழங்கதையாகிவிடவுமில்லை. 1983க்குப் பின் அகதிகளாக வந்து முகாம்களில் தங்கியவர்களுள் பல்லாயிரவர் மலையக வம்சாவளியினர். ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு உரியவர்களும் அவர்களில் உண்டு. ஒரே தோட்டத்தில் பிறந்தவர்களில் எழுபதுகளில் கப்பலில் வந்தவர் 'தாயகம் திரும்பியோர்', கலவரத்துக்குப் பின் தோணியில் வந்தவர் 'அகதி'. திருச்சி மாவட்டத்து முகாம்வாசிகள் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களது குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு 2019 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைக் குறித்தது. இலங்கை அவற்றுள் இல்லை. ஆறு சமயங்களைக் குறித்தது. இஸ்லாம் அவற்றுள் இல்லை. 2024 மார்ச்சில் அதன் விதிகளும் வந்தன. அட்டன் மூதாட்டியின் உறவினரும் நாமும் மீண்டும் ஒருமுறை ஒரே கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறோம். தமிழில் இன்னும் இதை எழுத ஆளில்லை.

எழுத வருபவர்க்கு ஒரு விண்ணப்பம் உண்டு. கண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள், காகிதங்களைக் கவனியுங்கள். அம்மூதாட்டியின் குடும்ப அட்டையில் தந்தை பெயர் ஓரெழுத்துப் பிழையாக எழுதப்பட்டிருந்தது. அன்று கண்டியில் எவரோ ஓர் எழுத்தர் செய்த பிழை. மகளின் பள்ளிச் சான்றிதழும் பேரனின் விண்ணப்பமும் அந்த ஓரெழுத்தில் முட்டி நிற்கின்றன. அவரைச் சிலோன்காரி என்று ஊரே அறியும். அவருடைய சாதி இன்னதென்று அறிய அலுவலகம் சான்று கேட்கிறது. இதை மிகையின்றி எழுதினாலே போதும், புதுமைப்பித்தனுக்குரிய எள்ளல் அதற்குள் தானே வந்து அமையும்.

வேலுப்பிள்ளை 1984இல் மறைந்தார். தலைமன்னார்க் கப்பலும் ஏறக்குறைய அக்காலத்தோடு நின்றுபோயிற்று. கப்பலில் வரும்போது பாடிய பாட்டு ஏதும் நினைவிருக்கிறதா என்று அவரிடம் கேட்டோம். தம் தாயார் ஒன்று பாடுவாராம். முதலடி மட்டும் நினைவில் வந்தது. மற்றவை சேரங்கோட்டில் ஒரு கிழவிக்குத் தெரியும், வந்தால் சொல்லச் சொல்கிறேன் என்றார். அதற்குள் கூடலூர்ப் பேருந்து வந்துவிட்டது. பையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அவர் ஏறினார்.